உண்மையை எழுதும் நிருபருக்குச் சட்டம் தரும் காவல் எவ்வளவு?

எர்ணாகுளம் ஹைகோர்ட் சந்திப்பில் பஸ் ஏறினால், கோஸ்ரீ பாலங்களைக் கடந்து சில நிமிடங்களில் வல்லார்பாடம் வந்துவிடுகிறது. 2004-ஆம் ஆண்டில் இந்தப் பாலங்கள் திறக்கப்படும் வரை தீவு மக்களுக்குப் படகுதான் கதி. ஆஸ்பத்திரிக்கும் படகு, பள்ளிக்கூடத்துக்கும் படகு, கோர்ட்டுக்கும் படகு. இன்று மட்டாஞ்சேரி அங்காடியிலிருந்தும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவிலிருந்தும் நம்மவர்கள் மாதா கோயிலுக்கு வந்து விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இத்தீவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, அடிமைப்பட்டோரை மீட்பவள் என்று பெயர் பெற்ற மாதாவின் திருக்கோயில். மற்றொன்று, 2011 பிப்ரவரி 11-ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம். தமிழகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டி வரும் டிரைவர்களுக்கு வல்லார்பாடம் என்றால் இந்த இரண்டாவது முகம்தான்.

இந்த முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் போடுவதற்காக 316 குடும்பங்கள் வீடு வாசலை இழந்தன. பக்கத்துத் தீவான மூலம்பிள்ளியில் 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி வீடுகள் இடிக்கப்பட்ட காட்சி கேரளத்தையே உலுக்கியது. அடுத்த மாதமே சர்க்கார் மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அறிவித்தபடி எல்லாம் நடந்ததா, கொடுத்த மனை வீடு கட்டத் தகுந்த மண்ணா, யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டு, காகிதங்களைத் தேடி எடுத்து, ஊருக்குச் சொல்வதுதான் புலன்விசாரணை நிருபரின் வேலை. அவ்வாறு எழுதுகிறவருக்குச் சட்டம் எந்த அளவு துணை நிற்கிறது, எந்த இடத்தில் அவரையே பிடித்துக்கொள்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் நிருபரிடம் காகிதத்தைக் கொடுக்கிறவரும், அவர் எழுதியதை நம்பி மனுப் போடுகிறவரும் நம்மைப் போன்றவர்கள்தாம்.

திருநெல்வேலியில் கொண்டு விடப்பட்ட ஆசிரியர்

வல்லார்பாடம் திருவிழா செப்டம்பர் 24-இல். அதற்கு இரண்டு நாள் கழித்து வரும் செப்டம்பர் 26, மலையாளப் பத்திரிகை உலகம் மறக்காத நாள். 1910-ஆம் ஆண்டு அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானப் போலீசார் 'சுதேசாபிமானி' அச்சகத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையைப் பிடித்துச் சமஸ்தான எல்லைக்கு வெளியே, நம் திருநெல்வேலியில் கொண்டு போய் விட்டார்கள். அவர் செய்த குற்றம், திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனையைச் சுற்றி நடந்த ஊழலையும் பற்றி அஞ்சாமல் எழுதியது.

வழக்கு இல்லை, விசாரணை இல்லை, வாய்தா இல்லை. மன்னர் கையெழுத்து ஒன்றே போதுமானதாக இருந்தது. பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. ஆசிரியர் எழுதுவதில் குறுக்கிடாத அந்தப் பெருந்தகையின் அச்சகமும் அன்றோடு போயிற்று. நாடு கடத்தப்பட்ட பிள்ளை மீண்டும் தம் ஊரில் வாழவில்லை. 1916 மார்ச் 28-ஆம் தேதி கண்ணூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 37. பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தில் அவர் எழுதி வைத்த நூல் மட்டும் நிலைத்தது.

சமஸ்தானம் போய்விட்டது, திவானும் போய்விட்டார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையை அளித்தது. பத்திரிகைக்கென்று தனி உரிமை எதுவும் அதில் எழுதப்படவில்லை. குடிமகனுக்கு உள்ள உரிமைதான் நிருபருக்கும். அதே ஷரத்தின் இரண்டாம் பகுதியில் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, மானநஷ்டம் முதலான காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் இருக்கிறது. நிருபரின் தொல்லைகள் எல்லாம் இந்த இரண்டாம் பகுதியிலிருந்து கிளைத்தவையே.

ஆட்டோ சங்கர் வழக்கு காட்டிய வழி

இன்று நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் கேடயமாகப் பிடிக்கும் தீர்ப்பு ஒன்று தமிழ்ப் பத்திரிகை தொடுத்த வழக்கில் பிறந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருப்பதாகவும், அதை வெளியிடப் போவதாகவும் 1994-இல் 'நக்கீரன்' அறிவித்தது. சில உயர் அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. உடனே சிறைத்துறைத் தலைமையிலிருந்து, அப்படி ஒரு வரலாறு எழுதப்பட்டதே பொய், வெளியிட்டால் நடவடிக்கை வரும் என்று கடிதம் வந்தது. ஆசிரியர் கோபால் தரப்பினர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் இருவரும் தீர்ப்பளித்தனர். அதன் சாரத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு. வீடு, மனைவி மக்கள், திருமணம் போன்றவற்றை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. ஆனால் கோர்ட் ரிக்கார்டு உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை எழுதத் தடையில்லை. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு இரையான பெண்களின் பெயர் மட்டும் இதற்கு விலக்கு. சர்க்கார் அதிகாரி தம் பதவிக் கடமையில் செய்த காரியத்தைப் பற்றி எழுதினால், எழுதியது பொய் என்றும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதப்பட்டது என்றும் அவர் நிரூபித்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். சர்க்காரோ ஊராட்சி போன்ற அமைப்போ தன் மானம் போயிற்று என்று நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. வெளிவருவதற்கு முன்பே அதிகாரிகள் தடை போடவும் முடியாது.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1964-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குச் சாதகமாக அளித்த சல்லிவன் வழக்குத் தீர்ப்பும் இங்கே எடுத்தாளப்பட்டது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் பெயரால் வந்த சட்ட விதி மட்டும் வாழ்கிறது.

ஆனால் இக்கேடயத்திலும் துளைகள் உண்டு. நீதிமன்ற அவமதிப்பு, சட்டசபையின் தனி உரிமை, அரசு இரகசியச் சட்டம் ஆகிய மூன்றையும் அத்தீர்ப்பு தொடவில்லை. சட்டசபையின் தனி உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1987-இல் தமிழகமே கண்டது. ஒரு கேலிச்சித்திரத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் விடுதலை செய்தார்கள்.

வழக்கே தண்டனை

நிருபருக்கு அடிக்கடி நேரும் ஆபத்து மானநஷ்ட வழக்கு. இது இரண்டு வகை. சிவில் கோர்ட்டில் பணம் கேட்பது ஒன்று. இதற்கு, வெளியான நாளிலிருந்து ஓராண்டுக் கெடு. கிரிமினல் கோர்ட்டில் பிராது கொடுப்பது மற்றொன்று. இதற்கு மூன்று ஆண்டுக் கெடு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளாக இருந்த கிரிமினல் அவதூறு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாக மாறியிருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்வதும் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சிறையா, இப்பிரிவே வேண்டாம் என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது.

சட்டத்தில் பத்து விலக்குகள் இருக்கின்றன. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வது குற்றமில்லை. சர்க்கார் ஊழியரின் பொதுக் கடமையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது குற்றமில்லை. கோர்ட் நடவடிக்கையை உள்ளபடி எழுதுவதும் குற்றமில்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கிரிமினல் வழக்கில் எழுதியது உண்மை என்றால் மட்டும் போதாது. பொது நன்மைக்காக எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பு எழுதியவர் தலையில் விழுகிறது.

ஆகவே கடைசியில் விடுதலை கிடைக்கலாம். ஆனால் அந்தக் கடைசி எப்போது வரும்? வல்லார்பாடத்தைப் பற்றி எழுதிய செய்திக்கு, பத்திரிகை போய்ச் சேர்ந்த வேறொரு ஊரில் பிராது கொடுக்கலாம். சம்மன் வந்தால் வக்கீல் வைக்க வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டும். பெரிய பத்திரிகைக்குச் சட்டப் பிரிவு உண்டு, சமாளித்துக்கொள்ளும். வரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உள்ளூர்ப் பகுதிநேர நிருபர் என்ன செய்வார்? இரண்டாவது வாய்தாவிலேயே அவர் பேனா தயங்கிவிடும். வழக்குப் போட்டவர் எதிர்பார்த்ததும் பெரும்பாலும் அதுதான்.

சிறு ஆறுதல்கள் இரண்டு உண்டு. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவின்படி, தனியார் பிராதைக் கோர்ட் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே எதிர்த்தரப்புக்குத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இரண்டாவது, விசாரணைக்கு முன்பே ஒருதலைப்பட்சமாகத் தடை உத்தரவு வழங்கும் வழக்கத்தைக் கண்டித்து 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எதிர்கொண்ட அவ்வழக்கில், செய்தி கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டது அல்லது பொய் என்று தோன்றினால் ஒழிய, விசாரணை முடியுமுன் அதைத் தடுக்கக் கூடாது என்று கூறப்பட்டது.

துறைமுகமும் இரகசியமும்

கொச்சி கடற்படைத் தளம் உள்ள ஊர். கப்பல் கட்டும் தளமும் உண்டு. ஆகவே 1923-ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்தை இங்கே எழுதுகிறவர் நினைவில் வைத்தாக வேண்டும். வெள்ளையர் காலத்துச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு நிலையங்களும், மத்திய சர்க்கார் அறிவிக்கை செய்யும் பிற இடங்களும் தடை செய்யப்பட்ட இடங்கள் ஆகும். நாட்டுக்கு ஊறு செய்யும் நோக்கோடு அங்கே நுழைவதும், படம் வரைவதும், குறிப்பெடுப்பதும் குற்றம். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதானால் 14 ஆண்டு வரை தண்டனை. சர்க்கார் இரகசியக் காகிதத்தைக் கொடுப்பதும், தெரிந்தே வாங்குவதும் மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரியவை.

டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் இச்சட்டத்தின்படி கைதாகி ஏழு மாதம் சிறையில் கிடந்தார். அவரிடம் இருந்தது ஏற்கெனவே வெளியான அறிக்கை என்று தெரிந்த பிறகு, 2003 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். போன ஏழு மாதத்தை யார் திருப்பித் தருவது?

எனினும் காலம் மாறியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது நன்மை மேலோங்கி நின்றால் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. ரஃபேல் விமான வழக்கில் 'தி ஹிந்து' வெளியிட்ட காகிதங்கள் திருட்டுக் காகிதங்கள், பார்க்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் வாதாடியபோது, 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஆகவே வீடு இழந்தவருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, எந்த மனை யாருக்குப் போயிற்று என்பன போன்றவற்றை மனுப் போட்டுக் கேட்டு வாங்குவதே நேர்வழி. முத்திரை போட்ட பதில் கையில் இருந்தால் இரகசியச் சட்டம் கிட்டே வராது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியார் விவரங்களைத் தர மறுக்கும் தகவல் உரிமைப் பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. பயனாளிகள் பட்டியல் கேட்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

செல்போனும் செய்தி கொடுத்தவரும்

நிருபரின் நாணயம், செய்தி கொடுத்தவர் பெயரைக் காப்பதில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கோர்ட்டில் செல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம், அந்தக் கவுன்சிலின் முன்பு மட்டுமே பெயரை மறைக்க உரிமை தருகிறது. மாஜிஸ்திரேட் கேட்டால் நிலைமை வேறு. ஊழலை வெளிக்கொணரும் ஊழியரைக் காப்பதற்காக 2014-இல் நிறைவேறிய சட்டமோ நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது.

இந்த விஷயத்தில் பாலத்துக்கு அப்பால் இருக்கும் நம் ஹைகோர்ட் சில நல்ல வார்த்தைகள் சொல்லியிருக்கிறது. 2023 ஜூலையில், தாம் குற்றவாளி அல்லாத ஒரு வழக்கில் போலீசார் தம் செல்போனைப் பறித்துக்கொண்டதாக ஒரு நிருபர் முறையிட்டார். சட்டத்தில் உள்ள நடைமுறையைக் கைக்கொள்ளாமல் பத்திரிகையாளரின் போனைக் கைப்பற்றக் கூடாது என்று நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் தீர்ப்பளித்தார். அதே நீதிபதி 2024 ஜூலையில் இன்னொரு வழக்கையும் தீர்த்தார். 2013-இல் சிறையில் இருந்த ஒருவரின் வாக்குமூலத்தை மறைவாகப் போனில் பதிவு செய்ய முயன்ற இரண்டு தொலைக்காட்சி நிருபர்கள் மீது சிறைச் சட்டத்தின்படி போடப்பட்டிருந்த வழக்கு அது. உண்மையைக் கண்டறியும் நல்லெண்ணத்தோடு செய்தால் நிருபருக்கு விலக்கு உண்டு, பிறரைச் சிக்க வைக்கவோ கேவலப்படுத்தவோ செய்தால் கிடையாது, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பதினோரு ஆண்டுகள் ஆயின என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோர்ட்டைப் பற்றி எழுதும்போது

நீதிமன்ற அவமதிப்புக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாத வெறுங்காவல், இரண்டாயிரம் ரூபாய் அபராதம் வரை விதிக்கலாம். கேரள முதல்வராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடே இதில் தப்பவில்லை. 1967-இல் நிருபர்கள் கூட்டத்தில் நீதித்துறை பணக்காரர் பக்கம் சாய்வதாக அவர் சொன்ன கருத்துக்குக் கேரள ஹைகோர்ட் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 1970-இல் சுப்ரீம் கோர்ட் குற்றத்தை உறுதி செய்து அபராதத்தை ஐம்பது ரூபாயாகக் குறைத்தது. பொது நன்மைக்காகச் சொல்லும் உண்மை ஓர் எதிர்வாதமாகலாம் என்று 2006-இல் சட்டம் திருத்தப்பட்டது.

நிருபர்களுக்கும் கடிவாளம் வேண்டும் என்ற பக்கமும் உண்டு. 2024 நவம்பரில் கேரள ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், நடந்துகொண்டிருக்கும் கிரிமினல் வழக்கில் ஒருவன் குற்றவாளியா நிரபராதியா என்று பத்திரிகையோ டெலிவிஷனோ முடிவு கட்டுவதற்குப் பேச்சுரிமை இடம் தராது என்று கூறினார்கள். கைதானவனைக் கொலைகாரன் என்றே தலைப்புப் போடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பிழைப்புத் தேடி வந்த ஓர் அந்நிய ஊர்க்காரன் மீது அப்படி ஒரு பட்டம் விழுந்தால், பிற்பாடு விடுதலையானாலும் அவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

எல்லாவற்றிலும் கடுமையானவை நாட்டின் பாதுகாப்புப் பெயரால் உள்ள சட்டங்கள். மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபர் 5-ஆம் தேதி, ஹாத்ரஸில் நடந்த கொடுமையைப் பற்றி எழுதச் செல்லும் வழியில் மதுரா அருகே பிடிக்கப்பட்டார். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஜாமீன் தந்தும், மற்றொரு வழக்கு இருந்ததால் 2023 பிப்ரவரி 2-ஆம் தேதிதான் வெளியே வந்தார். விசாரணை முடிவதற்கு முன்பே இரண்டேகால் ஆண்டுக்கு மேல் சிறைவாசம்.

தற்காப்பு என்ன?

இத்தனையையும் கேட்டுவிட்டு, வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? வழக்கறிஞர்களும் அனுபவப்பட்ட ஆசிரியர்களும் வழிவழியாகச் சொல்லிவரும் தற்காப்புகள் சில உண்டு.

முதலாவது, கேட்டதை எழுதாதே, காகிதத்தில் உள்ளதை எழுது. அதன் நகலை மூன்று ஆண்டுகளாவது பத்திரமாக வைத்திரு. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் சம்மன் வரலாம். இரண்டாவது, யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேள். பதில் வந்தால் அதையும் போடு. வராவிட்டால் வரவில்லை என்று போடு. நல்லெண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. மூன்றாவது, நடந்ததையும் உன் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதே. 'பணம் பட்டுவாடா ஆகவில்லை' என்பது செய்தி. 'அதிகாரி விழுங்கிவிட்டார்' என்பது குற்றச்சாட்டு. நான்காவது, பிழை நேர்ந்தால் அதே இடத்தில் திருத்தம் போடத் தயங்காதே. ஐந்தாவது, செய்தி கொடுத்தவரின் பெயரையும் எண்ணையும் போனில் குவித்து வைக்காதே.

பத்திரிகை முதலாளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. செய்தியால் வரும் பெருமை பத்திரிகைக்கு, வழக்கால் வரும் தொல்லை நிருபருக்கு என்ற கணக்கு நியாயமல்ல. பகுதிநேர நிருபரானாலும், தன் பத்திரிகையில் வந்த செய்திக்கு வக்கீல் செலவை ஏற்பது நிர்வாகத்தின் பொறுப்பு. இதை வேலை கொடுக்கும்போதே எழுத்தில் உறுதி செய்வது நல்லது.

சர்க்கார் கை மீறும்போது மக்கள் குரல் எழுப்பினால் பலன் உண்டு என்பதற்கும் கேரளமே சாட்சி. 2020 நவம்பரில் கேரளப் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தார்கள். எந்த ஊடகத்திலும் அவதூறு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்றது அது. கட்சி பேதமின்றி எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அவசரச் சட்டம் வாபஸ் ஆயிற்று.

1910-இல் இராமகிருஷ்ண பிள்ளைக்கு முறையிட ஒரு கோர்ட் இல்லை. இன்று வல்லார்பாடத்து நிருபருக்குப் பாலம் தாண்டினால் ஹைகோர்ட் இருக்கிறது. இது பெரிய மாற்றம்தான். அங்கே போய்ச் சேரும் வரை அவர் தாக்குப்பிடிப்பதற்குப் பத்திரிகையின் பணமும், சக நிருபர்களின் துணையும், அவர் எழுதியதால் பயனடைந்தவர்களின் சாட்சியமும் வேண்டும். நம் தெருவின் குறையை எழுதிய நிருபருக்குச் சம்மன் வந்தால், 'ஆம், நடந்தது இதுதான்' என்று கூண்டில் ஏறிச் சொல்ல நம்மில் எத்தனை பேர் தயார்? சட்டம் தரும் காவலின் அளவு அந்த விடையையும் பொறுத்தது.